ஒரு சாவிக்குப் பிணைத்தொகை

போன் அலறியது.

யோக் லெங் மாவுக் கையைத் துடைக்காமலேயே எடுத்தாள்.

"மேடம்... உங்க கார் சாவி என்கிட்ட இருக்கு."

கரகரப்பான ஆண் குரல். வாய்க்குள் எதையோ திணித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"யாருப்பா நீ?"

"அது உங்களுக்குத் தேவையில்லை. சாவி பத்திரமா இருக்கு... இப்போதைக்கு."

யோக் லெங்கின் முதுகுத்தண்டில் எதுவும் சில்லிடவில்லை. ஈப்போ சந்தையில் முப்பது வருஷம் பேரம் பேசியவள்.

"எவ்வளவு?"

"ரெண்டாயிரம் ரிங்கிட்."

"ஐநூறு."



"மேடம், நான் உங்களை மிரட்டிட்டு இருக்கேன்."

"மிரட்டு. யாரு வேண்டாம்னா? விலையைச் சரியா சொல்லு."

"கார் கம்பெனியில உங்ககிட்ட மூவாயிரத்து அறுநூறு கேட்டாங்களே, அது மட்டும் சரியான விலையா? நான் நியாயமாத்தான் கேட்கிறேன். போலீசுக்குப் போனீங்க... சாவி கிந்தா ஆத்துக்குள்ள போயிடும். மத்தியானம் கூப்பிடுறேன்."

லைன் துண்டிக்கப்பட்டது.

பத்து நாளைக்கு முன்னால் அவள் கணவர் கின் மூன் இறந்துபோயிருந்தார். கொலை இல்லை. ஆவலோடு படிப்பவர்கள் ஏமாறக் கூடாது என்பதால் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கொய்த்தியாவ் என்கிற பட்டை அரிசி நூடுல்சுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

ஈமச்சடங்கு மண்டபத்தில் மூன்று நாள் சடங்கு. கார் மண்டப வாசலிலேயே நின்றது. எல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பியபோது சாவி இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்த கடலைத் தட்டில் தேடினார்கள். பெட்டி வைத்திருந்த மேடைக்கு அடியில் தேடினார்கள். மந்திரம் ஓத வந்தவரின் பையைக்கூட விடவில்லை. அவர் வருத்தப்பட்டு, பைக்குத் தனியாக ஒரு மந்திரம் ஓதிக்கொண்டார்.

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சாவி வெளிநாட்டுலேர்ந்து வரணும் மேடம். மூவாயிரத்து அறுநூறு. ஆறு வாரம் ஆகும்."

"கார் இங்கதானே செஞ்சது?"

"கார் இங்க. சாவி அங்க. காப்பி சாப்பிடுங்க மேடம், இலவசம்."

உலகத்திலேயே விலை உயர்ந்த இலவசக் காப்பி அதுவாகத்தான் இருக்கும். யோக் லெங் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

அடுத்து அவள் போனது லோயிடம். கின் மூனின் தம்பி. பழைய கார் வியாபாரி. அவன் யார்டு ஈமச்சடங்கு மண்டபத்துக்குப் பக்கத்து மனையில் இருந்தது. போகிறவர் போய்விட, அவர் ஓட்டிய கார் நிற்குமே... அது லோயிடம் வரும். வாடகை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வாடிக்கையாளர் வரத்து ஒரு நாளும் நின்றதில்லை.

கம்பெனியில் சொன்ன விலையை அவனிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

"அண்ணி, சாவி இல்லாத கார் வெறும் இரும்பு" என்றான் லோய். "ஆயிரத்து ஐநூறு தரேன். அண்ணன் ஓட்டின காரு பாருங்க... ஒரு பாசத்துக்குத்தான்."

"கார் வேணும் லோய். விக்கறதுக்கில்ல."

வேண்டும்தான். தினமும் விடியற்காலையில் அந்தக் காரின் பின்சீட்டில்தான் கொய்த்தியாவ் தட்டுகள் ஈப்போவின் காப்பிக் கடைகளுக்குப் போகும். எண்ணெய் சொட்டுகிற தட்டுகளை எந்த டாக்சிக்காரனும் ஏற்றவில்லை. கடைக்காரர்கள் பத்து நாள் பொறுத்தார்கள். திங்கட்கிழமையும் சரக்கு வராவிட்டால் வேறு ஆளிடம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்று சனிக்கிழமை.

கார் இல்லையென்றால் கடைகள் இல்லை. கடைகள் இல்லையென்றால், அவளும் கின் மூனும் சேர்ந்து உண்டாக்கிய எதுவுமே இல்லை.

மத்தியானம். மண்டப வாசல்.

யாரோ ஒரு பணக்காரரின் சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஆள் உயர மலர்ப் பலகைகள் வேலி கட்டியதுபோல் வரிசையாக நின்றன. அவற்றுக்கு இந்தப் பக்கம் கின் மூனின் சாம்பல் நிறக் கார். அதன் அருகே ஒரு வேன். 'சாவி தொலைந்ததா? சிரித்துக்கொண்டே வாருங்கள்' என்று வேனில் எழுதியிருந்தது.

வேன்காரன் ஜைலானி காரைச் சுற்றி வந்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"புதுச் சாவி நானூத்து ஐம்பது ஆன்ட்டி. கதவு திறக்கத் தனியா எண்பது."

"முன்னூறு."

"ஆன்ட்டி, நான் கல்யாணம் ஆனவன். வீட்டுக்குப் போகணும்."

"முன்னூத்து ஐம்பது. கதவையும் சேர்த்து."

"கதவு எண்பதுதான். அதுல கை வைக்காதீங்க. சரி, காரோட கிராண்ட், பதிவுப் பத்திரம் எங்க?"

நீட்டினாள்.

"இதுல வேற பேரு இருக்கே. ஆம்பளைப் பேரு."

"என் வீட்டுக்காரர். இறந்துட்டாரு."

"சாவு சர்ட்டிபிகேட்?"

அதையும் நீட்டினாள்.

"உங்க ஐசி, அடையாள அட்டை? கல்யாண சர்ட்டிபிகேட்?"

"ஏன்டா, திருடன் ஒருத்தன் ஒரு காகிதமும் கேக்காம சாவி தரேங்கிறான்..."

"அவனுக்கென்ன ஆன்ட்டி, லைசென்ஸ் போயிடுமா?"

அப்போது போன் ஒலித்தது. சிங்கப்பூரிலிருந்து மகன் வெய் ஹோங்.

"அம்மா, சாவி இன்னும் கிடைக்கலையாமே?"

"அதான் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"அம்மா... திட்டாதீங்க."

யோக் லெங் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அப்பாவுக்கு மேல் உலகத்துல ஓட்டறதுக்குன்னு பேப்பர் கார் எரிச்சோம்ல... அதுல பேப்பர் டிரைவர் இருந்தான், பேப்பர் டயர் இருந்துச்சு. சாவி மட்டும் இல்லை. அப்பாவைத்தான் தெரியுமே. சாவி சாவின்னு சட்டைப் பையைத் தட்டிட்டே இருப்பாரு. அங்க போயும் தேடிட்டு நிப்பாரேன்னு... நிஜச் சாவியை உள்ள வெச்சுட்டேன். வீட்டுல ஸ்பேர் இருக்கும்னு நினைச்சேம்மா."

"சாவியை எரிச்சுட்டியா? ஸ்பேர் கிடையாதுடா. உன் சித்தப்பா லோய்கிட்ட வாங்கும்போதே ஒரே சாவிதான்னு சொல்லித்தான் வித்தான்."

"எனக்கு எப்படித் தெரியும்? ரொம்பக் கோவமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்துவிட்டது. பத்து நாளாக வராதது. மலர்ப் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜைலானி நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த ஒரு ஸ்குரூ டிரைவரைத் துடைத்தான்.

"இல்லடா. நல்ல காரியம் பண்ணினே. போனை வெச்சுடு."

கண்ணைத் துடைத்தாள். மூளை பழைய வேகத்துக்குத் திரும்பியது.

சாவி சாம்பல்.

அப்படியென்றால்... அந்தக் குரல்?

போன் மறுபடி ஒலித்தது.

"மேடம்... முடிவு பண்ணிட்டீங்களா?"

"உன்கிட்ட சாவி இருக்குன்னு நான் எப்படி நம்பறது?"

"காரு பக்கத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"காதைத் தீட்டிக்குங்க."

பீப்... பீப்.

காரின் விளக்குகள் கண் சிமிட்டின. நான்கு கதவுகளின் பூட்டுகளும் கடக்கென்று திறந்துகொண்டன.

ஜைலானி ஒரே தாவலில் வேனுக்குப் பின்னால் போய்விட்டான்.

"அஸ்தக்ஃபிருல்லா... ஆன்ட்டி, எரிச்ச சாவின்னு இப்பத்தானே பேசினீங்க? உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் நிக்கிறாரா?"

யோக் லெங் போனைக் கையால் பொத்தினாள்.

"அவரா இருந்தா முதல்ல டயரைத்தான் உதைச்சுப் பார்ப்பாரு. கத்தாதே. அந்த பட்டனை எவ்வளவு தூரத்துலேர்ந்து அழுத்தலாம்?"

"இந்தக் காருக்கா? இங்கேருந்து அந்த லைட் கம்பம் வரைக்கும். அதுவே ஜாஸ்தி."

அவள் சுற்றிலும் பார்த்தாள். அந்த லைட் கம்பத் தூரத்துக்குள் இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று மண்டபம். அங்கே படுத்திருப்பவர் பட்டன் அழுத்தும் நிலையில் இல்லை. சுற்றி நிற்பவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது.

இன்னொன்று... மலர்ப் பலகைகளுக்கு அந்தப் பக்கம் கொடி பறக்கும் பழைய கார் யார்டு.

ஒரே சாவி என்று சொல்லி விற்றவன் அங்கே இருக்கிறான். கம்பெனி விலையைத் தெரிந்துகொண்டவனும் அவன் ஒருவன்தான்.

அவள் ஜைலானியின் காதருகே குனிந்தாள்.

"புதுச் சாவி போட்டா பழசு என்ன ஆகும்?"

"நான் அழிச்சா பழசெல்லாம் செத்துடும். பூட்டக்கூட ஆகாது."

"அழி. சீக்கிரம்."

"கதவு திறக்க எண்பது..."

"அவன்தான் திறந்துட்டானே."

ஜைலானி திறந்த கதவைச் சோகமாகப் பார்த்தான். மெஷினை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினான்.

யோக் லெங் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"சரிப்பா, நம்பறேன். அறுநூறு."

"ஆயிரத்து எண்ணூறு."

"நான் விதவைப்பா."

"அது எனக்கும் வருத்தம்தான் மேடம். ஆயிரத்து எழுநூறு."

மலர்ப் பலகைகளைச் சுற்றிக்கொண்டு யார்டுக்குள் நுழைந்தாள். செத்துப்போனவர்களின் கார்கள் மெழுகு பூசிப் பளபளத்தன. அலுவலகக் கதவு லேசாகத் திறந்திருந்தது.

"அறுநூத்து ஐம்பது" என்றாள் வாசலில் நின்று.

"அறுநூத்து ஐம்பது" என்றது உள்ளே மேஜைமேல் கிடந்த போனின் ஸ்பீக்கர், அவள் குரலிலேயே.

லோய் நிமிர்ந்தான்.

வாயில் பாதி பாவ் ரொட்டி. மீதிப் பாதி கையில். முகம் அந்த பாவ் மாவைவிட வெளுத்திருந்தது.

"அ... அண்ணி..."

"முழுங்கிட்டுப் பேசு லோய். தொண்டையில அடைச்சுக்கப் போகுது. நான் ஒண்ணும் மிரட்டலை."

அவனுக்குப் பின்னால் குவான் கோங் சாமியின் சிவப்பு மாடம். போலீசும் திருடனும் போட்டி போட்டுக் கும்பிடுகிற சாமி. சாமிக்குக் கீழே சுவர் முழுக்க ஆணி. ஆணி முழுக்க சாவி. ஒவ்வொன்றிலும் ஒரு கார் நம்பர்.

"இதெல்லாம் நீ வித்த கார்களா?"

லோய் விழுங்கினான்.

"தொழில்ல இதெல்லாம் இருக்கறதுதான் அண்ணி. விக்கும்போது ஒண்ணைக் கொடுத்துட்டு ஒண்ணை வெச்சுக்குவேன். என்னைக்காவது தொலைச்சுட்டு வருவாங்கல்ல? அப்போ ஒரு... சேவை."

"சொந்த அண்ணனுக்கும் சேவையா?"

"நீங்க பேசாம ஆயிரத்து ஐநூறுக்குக் கொடுத்திருந்தா நான் எதுக்கு வாயில பாவை அடைச்சுக்கிட்டுக் கஷ்டப்படறேன்?"

அவன் கண்கள் ஜன்னல் பக்கம் போயின. மறுநொடி, மேஜையிலிருந்த அண்ணன் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான்.

"ரெண்டு மணி நேரத்துல கார் பினாங்குல இருக்கும். முடிஞ்சதைப் பாருங்க அண்ணி."

யார்டைக் கடந்தான். மலர்ப் பலகை ஒன்று சரிந்தது. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' அவன் தோளில் மோதிக் கீழே விழுந்தது. கார் கதவைத் திறந்தான். உள்ளே விழுந்தான். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான்.

எதுவும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினான். டேஷ்போர்டில் ஒரு சின்னச் சாவிப் படம் சிவப்பாக மின்னியது. அதன் குறுக்கே ஒரு கோடு.

வேலையை முடித்து இறங்கியிருந்த ஜைலானி ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"அந்தச் சாவியா முதலாளி? அது இப்பத்தான் இறந்துபோச்சு. பக்கத்துலயே மண்டபம் இருக்கு, புக் பண்ணட்டுமா?"

லோய் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

யோக் லெங் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். ஜைலானி புதுச் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"முன்னூத்து ஐம்பது ஆன்ட்டி. உக்காந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

ஜைலானியின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னது?"

"லைசென்ஸே கிடையாது. அவர் ஓட்டுவாரு. நான் பக்கத்துல தட்டைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்."

"அப்போ... இந்தச் சாவிக்கு எதுக்கு ஆன்ட்டி இவ்வளவு பாடு?"

"முதல்ல கார் வேணும். டிரைவர் தானா கிடைப்பான்னு நினைச்சேன்." குனிந்து காருக்குள் பார்த்தாள். "கிடைச்சிருக்கான்."

லோய் தலையைத் தூக்கினான்.

"அண்ணி, விளையாடாதீங்க. எனக்கு முதலாளின்னு ஊர்ல ஒரு பேரு இருக்கு."

"சுவத்துல தொங்குதே, அந்தக் கார்க்காரங்க எல்லாருக்கும் இன்னைக்கே சாவி போய்ச் சேரணும். அதுக்கு மேல போலீஸா, கொய்த்தியாவான்னு நீயே சொல்லு."

"...எத்தனை மணிக்கு வரணும்?"

"நாலு."

"சாயங்காலமா?"

ஜைலானி அவனை உண்மையான இரக்கத்தோடு பார்த்தான்.

திங்கட்கிழமை விடியல். கொய்த்தியாவ் தட்டுகள் ஆவி பறக்க முதல் காப்பிக் கடை வாசலில் இறங்கின. தூக்கி இறக்கியது லோய். கண்கள் பாதி மூடியிருந்தன. சட்டை முழுக்க எண்ணெய்.

கடைக்காரர் ஒரு தட்டை அழுத்திப் பார்த்தார். அதே பதம். அதே வழவழப்பு. தலையாட்டினார்.

"நாளைக்கும் இதே அளவு அனுப்பும்மா."

பிறகு லோயை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யோக் லெங்கின் பக்கம் சாய்ந்தார்.

"புது டிரைவரா? ஆள் எப்படி, நம்பலாமா?"

"தாராளமா நம்பலாம்" என்றாள் யோக் லெங். "ஆனா ஒவ்வொரு கடையிலயும் இறங்கினதும் கார் சாவியை வாங்கி வெச்சுக்கிறேன். உங்க கல்லாச் சாவியை நீங்க பார்த்துக்குங்க."