சிரிக்காதீங்க என்று சொன்னவன்

மழைக்குத் தன் போட்டோ ஸ்டூடியோவில் ஒதுங்க வந்தவள் என்றுதான் நினைத்தான். அவள் குடையை உதறினாள்... துளியெல்லாம் அவன் கேமரா மேல்.

"ஏங்க, கண்ணு தெரியலையா? எனக்குச் சோறு போடுறதே இதுதான்."

"மன்னிச்சுக்கங்க. விசாவுக்கு போட்டோ எடுக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவனுக்கு அது ஆகாது. சும்மா சிரிக்கிற ஆள் எதையோ நம் தலையில் கட்டத்தான் வருகிறான் என்பது அவன் கணக்கு. தெருவே அவனை உம்மணாமூஞ்சி என்றுதான் சொல்லும். தொழிலும் அதற்கேற்றபடி வாய்த்தது. விசாப் படத்தில் சிரித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலையே."

"வாய் சிரிக்கலை. கண்ணு சிரிக்குது."

"அதுக்கு... கண்ணைக் கழட்டியா வைக்க முடியும்?"

மழை வழியும் சன்னலுக்குப் பின்னால் யாரோ விளக்கேற்றியது போல இருந்தன அந்தக் கண்கள். பொத்தானை அழுத்த ஒரு கணம் மறந்தே போய், பிறகுதான் அழுத்தினான்.

அப்போது ஒரு வெளிநாட்டு அம்மாள் உள்ளே வந்து, அடுத்ததாக உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்தாள். அவன் எப்போதும் செய்வதுபோல் தன் வாயை இரண்டு விரலால் கீழே இழுத்துக் காட்டினான். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நெ சூரியே பா," என்றாள் இவள், மெதுவாக. அந்த அம்மாள் சாந்தமானாள்.

"பிரெஞ்சுல சிரிக்காதீங்கன்னு அர்த்தம். நான் அடுத்த தெருவுல பாஷை வகுப்பு எடுக்கிறேன். வாயை இழுத்துக் காட்டினா கேலி பண்றீங்கன்னு நினைப்பாங்க."

"சரிங்க டீச்சர். உங்க படம் சரியா வரலை. நாளைக்கு வாங்க."

வந்தாள். மறுநாளும் சரியாக வரவில்லை என்றான். வந்த போதெல்லாம் ஒரு பாஷை. ஸ்பானிஷில் சிரிப்பதற்கு ஒரு சொல், ஜெர்மனில் ஒன்று...

"மனசில்லாம சிரிச்சா, மஞ்சளா சிரிக்கிறான்னு பிரெஞ்சுல சொல்வாங்க."

"நம்மகிட்ட அசட்டுச் சிரிப்பு, நமட்டுச் சிரிப்பு, இளிப்புன்னு ஒரு கடையே கிடக்கு. அவங்களுக்கு கலர்தான் கிடைச்சுதாக்கும்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குத்தான் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். ரெண்டு வருஷ வேலை."

போகாதே என்று கேட்கலாம். எட்டாவதோடு நின்றவன் டீச்சரிடம் போய்க் கேட்பதா? கேட்டு, இல்லை என்றுவிட்டால்? இரவெல்லாம் புரண்டான்.

காலையில் படங்களை மேசைமேல் வைத்தான்.

"முதல் நாள் எடுத்தது. அன்னைக்கே சரியாத்தான் வந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"கொடுத்துட்டா... அப்புறம் நீங்க வரமாட்டீங்களே."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. எத்தனை சிரிக்காத முகங்களைப் படம் பிடித்தவன்! இந்த ஒரு முகத்தை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை.

"சூரியே... சிரிங்க," என்றான். அவள் அசையவில்லை. ஸ்பானிஷில் சொன்னான். ஜெர்மனில் தடுமாறினான்...

"நான் போறது போறதுதான்," என்றாள்.

"போயிட்டு வாங்க. நான் தடுக்கலை. இங்கேயே இருப்பேன். உங்களைப் பிடிச்சிருக்கு... அவ்வளவுதான்."

அவள் படங்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"இதை எங்க அப்பாகிட்ட வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"அவர் லேசுல யாரையும் நம்பமாட்டார்."

"நானும்தான். பேச வசதியா இருக்கும்."