ஏணி போன காவல்கோபுரம்

ஏணிப்படிகளில் ஈரச் சேற்றுத் தடங்கள் மேல்நோக்கிப் போயிருந்தன. இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை.

“மேல யாருண்ணே?” என்றான் இராக்காவலுக்குப் புதிதாக வந்த சின்னையா.

“ஒருத்தரும் இல்ல லா. பகல் ஆளு காய்ச்சல்னு காலையிலேயே போயிட்டான்,” என்றார் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தம்புசாமி. “பழைய ராஜாங்க காலத்துக் கோபுரம்பா இது. காவக்காரன் ஓடிரக் கூடாதுன்னு ஏணிய எடுத்துருவாங்களாம். ஒரு சண்டையில எல்லாரும் படகேறிப் போனப்ப, ஒருத்தன மேலயே மறந்துட்டாங்களாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? மாத்து ஆளுக்கு இன்னும் காத்திருக்கான். ஒனக்குத் துணையாச்சு, போ!” சிரித்தபடி குடையை விரித்தார். “ஆறு ஏறினா கத்து. ஒன் தொண்டைதான் இந்தக் கிள்ளான் ஊருக்கே மணி.”

அவர் போனதும் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கூப்பிடு தூரத்தில் சின்னையாவின் குடிசை. உள்ளே நிறைமாதத்தோடு புஷ்பவல்லி தனியாக இருந்தாள். “என் குரல் கேட்டாத்தான் தாழ்ப்பாளத் தொறக்கணும், புள்ள,” என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். கப்பலேறி வந்த இந்தச் சீமையில் அவளுக்கு அவன், அவனுக்கு அவள், வேறு நாதியில்லை.

ஏணியேறி மேலே போனதும், பாசி பிடித்த செங்கல்லின் வாடையும், வௌவால் எச்சத்தின் நெடியும், அவற்றுக்கு அடியில் நெடுநாள் பூட்டிய அறையில் யாரோ மூச்சுவிட்டதுபோல ஒரு புளித்த வெதுவெதுப்பும் கலந்து முகத்தில் மோதின. மேகம் கவிந்து மாலையே இருட்டிவிட்டது. மூலையில் ஒரு நிழல் குந்தியிருந்தது. மழை இருட்டாக இருக்கும் என்று எண்ணினான்.

நிழல் தலையைத் தூக்கியது.

சின்னையா ரயில் கேட்டில் பல வருசம் காவல் இருந்தவன். முறை மாறும்போது முந்தின ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இடத்தில் நின்றதே இல்லை. பயத்தில் வாய் அந்தப் பழக்கத்தைத்தான் பற்றிக்கொண்டது.

“நான் வந்துட்டேன். நீ எறங்கிக்க.”

ஏதோ குளிர்ச்சியாக அவன் தொண்டையைத் தடவிக்கொண்டு போனது. ஏணி கிறீச்சிட்டது. ஒவ்வொரு படியாக.

எட்டிப் பார்த்தான். ஏணி இல்லை.

ஆற்றங்கரையில் ஓர் உருவம் நடந்தது. தோளில் ஏணி. குடிசை வாசலில் நின்றது.

“புள்ள, நான்தான். தொற.”

அவன் குரல். அவனுடைய குரலேதான்.

சின்னையா கத்தினான். வாய் திறந்தது. சத்தம் இல்லை. மறுபடி கத்தினான். காற்று மட்டும்.

விளக்கோடு கதவு திறந்தது. வயிற்றைத் தாங்கியபடி புஷ்பவல்லி வழிவிட்டாள்.

அது ஏணியைச் சுவரில் சாத்தியது. தலை குனிந்து உள்ளே போனது.

தாழ்ப்பாள் விழுந்தது.