குழலுக்குள் ஈர மண்

துப்பாக்கிக் கடையில் எண்ணெய் வாடைதான் அடிக்க வேண்டும். சகாதேவனின் மூக்கில் ஏறியதோ ஈர மண் வாடை. கார்த்திகை மழை காலையிலிருந்து விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீராக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மேசைமேல் கிடந்த மூன்று ஒற்றைக் குழல் ரைஃபிள்களையும் பார்த்தான்.

கடைக்காரர் கோதண்டராமன் அவன் நீட்டிய லைசென்ஸைப் புரட்டிவிட்டு, அவனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அடி அண்ணாமலை ஊரு சகாதேவன்தானே? இன்னாத்துக்கு ரைஃபிளு?"

"பன்னி ஜாஸ்திங்க முதலாளி. மல்லாட்டைச் செடிய நோண்டிப் போட்டுடுது."

"உன் கொல்லை இந்த வருசம் தரிசாத்தானே கெடக்குது? போன வாரம் அந்தப் பக்கம் வந்தேன்."

சகாதேவன் குனிந்து முதல் ரைஃபிளை எடுத்துப் புரட்டினான். பன்றிகள் நோண்டுவது பயிரை அல்ல, அந்தத் தரிசின் வேலியோர மூலையை. போன வருசம் காவல் பரணிலிருந்து, செடி சலசலத்த இடத்தைப் பார்த்துக் கள்ளத் துப்பாக்கியால் சுட்டான். விழுந்தது பன்றியல்ல, பங்காளி அர்ஜுனன். ஜெயிலுக்குப் பயந்து அந்த மூலையிலேயே குழி வெட்டி மூடினான். மூச்சு இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை, பாவி. அர்ஜுனன் மெட்ராசுக்கு ஓடிவிட்டதாக அவன் சொன்னதை ஊர் நம்பியது. அர்ஜுனனின் பெண்டாட்டி ஜோதியம்மாள் இன்னும் பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். நேற்றுப் பார்த்தபோது பன்றிகள் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தன.

"மடக்கித் தொறந்து, வெளிச்சத்துல குழலப் பாத்து எடு," என்றார் கோதண்டராமன். "தோட்டா ஒண்ணுதான் போவும். தவறிச்சுன்னா பன்னி உன்ன கிழிச்சிடும்."

முதல் குழலில் துரு. இரண்டாவதில் கீல் ஆடியது. மூன்றாவது கைக்கு அடக்கமாக, கனம் கச்சிதமாக இருந்தது. மடக்கினான். மண் வாடை குப்பென்று வந்தது. வாசல் விளக்கை நோக்கிக் குழலைத் தூக்கி ஒரு கண்ணை வைத்தான். வரிவரியாகச் சுழன்று போகும் வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே இருட்டு.

"அடைச்சிருக்குதுங்க."

"நேத்துதான் தொடச்சேன். ஒழுங்கா பாரு."

மறுபடி வைத்தான். உள்ளே ஏதோ பிறாண்டும் சத்தம், மெதுவாக, விட்டுவிட்டு. பன்றிக் குளம்பு என்று நினைத்தான். இல்லை. நகம். மனுச நகம்.

குழலை இறக்கப் பார்த்தான். கை இறங்கவில்லை.

கண்ணில் காற்று பட்டது. வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

மூச்சு.

கன்னத்தில் பொலபொலவென்று ஈர மண் உதிர்ந்தது.

"இன்னாப்பா, இதுவே இருக்கட்டுமா?" கோதண்டராமனின் குரல் எங்கோ மேலேயிருந்து கேட்டது, குழிக்கு வெளியே நின்று பேசுகிறவர் குரலாக.

குழலின் மறுகோடியில் இருட்டு இரண்டாகப் பிளந்தது. ஒரு இமை. முடியெல்லாம் சேறு. அதற்குள்ளிருந்து, இன்னும் உயிரோடு, அர்ஜுனனின் கண் அவனைப் பார்த்தது.