ஆப்பிளில் சீரகம்

வந்தவர் உட்காரவில்லை. துணியில் சுற்றிக் கொண்டுவந்த கண்ணாடிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்து, முடிச்சை அவிழ்த்து, "முதல்ல இதைச் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மறுபடி யோசிக்காத மனிதர் ஒருவர் அந்த அறையில் இருந்தார். அவர் தராசின் மைத்துனர். பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிற குமாஸ்தா. லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார், அக்காவுக்காக அல்ல, அத்தானிடம் வரும் வழக்குகளுக்காக. முந்தாநாள் படியில் தடுக்கி முழங்காலில் அடிபட்டதால் இந்த வாரம் முழுக்க லீவு. முழங்காலில் பூசியிருந்த தைலத்தின் நெடி அவருக்கு முன்னால் அறைக்குள் வந்து, அவர் போன பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும்.

தராசு என்பது பட்டப்பெயர். முப்பது வருஷம் கடை கடையாக ஏறி எடைக்கல்லையும் தராசையும் சோதித்த அதிகாரி. ஓய்வு பெற்ற பிறகு ஊர் அவருடைய பெயரை மறந்துவிட்டது, வேலையை மறக்கவில்லை. தீராத சிக்கல் எதுவானாலும் எடைபோட்டுச் சொல்ல அவரிடம்தான் வந்தது.

மைத்துனர் கரண்டியைப் பாய்ச்சினார். மேலே வெண்ணெயும் ஓட்ஸும் சேர்ந்து பொன்னிறமாக முறுகியிருந்த அடுக்கு மொறுமொறுவென்று நொறுங்கியது. கீழே வெந்து குழைந்த ஆப்பிள். வாயில் போட்டதும் அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"என்ன சார் இது, ஆப்பிள்ல சீரகம் போட்டிருக்கீங்க?"

"நான் போடல. யார் போட்டாங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லி, வந்தவர் தைல நெடி தாங்காமல் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மூன்று தெரு தள்ளியிருக்கும் பேக்கரி அவருடையது. முன்னால் கல்லாவில் அவர், பின்னால் அடுப்பில் அவருடைய தங்கை. தங்கையின் கைப்பக்குவத்தால் ஓடுகிற கடை. இந்த ஆப்பிள் கிரம்பிள் ஒரு மாதமாகத்தான் போடுகிறார்கள், அதற்குள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

"என் கடைய யாரோ கெடுக்கறாங்க சார். அஞ்சாம் தேதி ஒரு தட்டு பன்னு கரியாப் போச்சு. கல்லாவுல இருந்த எனக்கே தீயற வாடை வந்து நான்தான் ஓடினேன். தங்கச்சி அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னு மாவு அளந்துக்கிட்டு இருந்தா, பாவம். பன்னெண்டாம் தேதி சிக்கு வாடை அடிக்கிற வெண்ணெய யாரோ கேக்குல கலந்துட்டாங்க. நேத்து இது."

"யாரோன்னு சொல்றீங்க. மனசுல ஒரு ஆள் இருக்காங்க போல" என்றார் தராசு.

"மாவக்கா" என்றார் அண்ணன். சொல்லவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பதினோரு வருஷமாக அங்கே மாவு பிசைகிற பெண்மணி. வயது ஐம்பதுக்கு மேல். எப்போதும் முழங்கை வரை மாவோடு நிற்பதால் அந்தப் பெயர். "போன திங்கட்கிழமை நல்ல ஓட்ஸ் கலவைய குப்பையில கொட்டறதை என் கண்ணால பாத்தேன். ஏன்னு கேட்டா வாயே திறக்கல. இன்னொரு நாள் யாரும் வர்றதுக்கு முன்னாடி அலமாரி டப்பாவெல்லாம் திறந்து இடம் மாத்திக்கிட்டு இருந்தாங்க. எதிர்ல புதுசா ஒரு பேக்கரி வருது. அவங்க இவங்களைக் கூப்பிட்டிருக்காங்கன்னு கேள்வி. இன்னைக்கு நாலு மணிக்கு வேலைய விட்டு நிறுத்தப் போறேன். தங்கச்சி வேணாம்ங்கிறா, ஏன்னு கேட்டா பதில் இல்ல. அவளுக்குக் காட்ட கையில ஒரு ஆதாரம் வேணும் சார். பத்து நாள் காய்ச்சல்ல கிடந்து எழுந்தவ, அவளை அதட்டிக் கேக்கவும் மனசு வரல."

"காய்ச்சல் எப்ப?"

"அது ஆச்சு, ஒன்றரை மாசம்."

மைத்துனருக்கு அதற்குள் மூக்கில் வியர்த்துவிட்டது. அட்டவணை போடுகிற மூளை. "அத்தான்! அஞ்சு, பன்னெண்டு, பத்தொன்பது. மூணும் புதன்கிழமை! சார், மாவக்காவுக்கு வார லீவு என்னைக்கு?"

"புதன்தான்."

"பாத்தீங்களா! செவ்வாய்க்கிழமையே எல்லாத்தையும் கலைச்சு வெச்சிட்டு, மறுநாள் வீட்டுல இருந்துக்கறாங்க. யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு கணக்கு!"

"கிழமை சரி மாப்ளே. மீதிய அங்க போய்ப் பாப்போம்" என்று தராசு செருப்பைத் தேடினார்.

பேக்கரியின் பின்கட்டு சின்னதுதான், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தது. சுவரோரம் ஓட்ஸ் மூட்டை, தட்டு அடுக்கும் சட்டம், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அடுப்பு. அலமாரியில் ஒரே மாதிரியான ஆறு டப்பாக்கள். ஒன்றின்மேலும் பெயர் இல்லை. தங்கை ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் சுருள் சுருளாக விழுந்தது.

"டப்பாவுல பேர் ஒட்ட மாட்டீங்களா?" என்று கேட்டார் தராசு.

"எதுக்கு? மூடியத் திறந்தா மூக்குக்குத் தெரியாதான்னு அவளே சொல்லுவா" என்றார் அண்ணன் பெருமையாக. தங்கை கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுப்பின் மேல் நேரம் குறித்தால் அடிக்கிற புத்தம் புதிய மணிக்கருவி ஒன்று இருந்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். தராசு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

மைத்துனருக்கு முழங்கால் வலி. மேசையோரம் ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கிரம்பிள் செய்வது எப்படி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். துப்பறிய வந்த இடத்தில் சமையல் குறிப்பு எழுதிக்கொள்ளும் ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். தங்கையும் பொறுமையாகச் சொன்னார்.

"ஓட்ஸையும் மாவையும் வெண்ணெயோட பிசையக் கூடாதுங்க. விரல் நுனியால தேய்க்கணும், உதிரி உதிரியா வரணும். பிசைஞ்சா கல்லாகிடும்." அவருக்கும் மைத்துனரின் முழங்காலுக்கும் நடுவில் வெண்ணெய்க் கிண்ணம் திறந்தபடி இருந்தது. இருபது நிமிஷம் பேச்சு ஓடியது.

மாவக்கா பின்வாசல் வழியாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசற்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். மூட்டையைக் கீழே போட்டார். நேராக வந்து வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, தட்டுப் போட்டு மூடி, அறையின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. வெண்ணெய் எந்த வாடையா இருந்தாலும் இழுத்துக்கும். அப்புறம் உங்க முழங்கால் கேக்குக்குள்ள வந்துடும்."

மைத்துனர் அசடு வழிந்தார். தங்கை ஒரு கணம் புரியாமல் விழித்து, பிறகு "ஆமா, ஆமா" என்று அவசரமாகச் சொன்னார்.

அடுப்பில் மணி அடித்தது. தங்கை ஒரு தட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். குனிந்தார். முகத்தைத் திருப்பிக் காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய், கீழே ஆப்பிள் பாகு குமிழி விடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக் கடித்தார். கடக்கென்றது. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

தராசு மாவக்காவைப் பின்வாசல் பக்கம் அழைத்துப் போனார். "திங்கட்கிழமை அந்தக் கலவைய ஏன் கொட்டினீங்க?"

"கை தவறிடுச்சுங்க."

"கை தவறினா தரையில கொட்டும்மா. குப்பைத் தொட்டிக்குள்ள போய் மூடி போட்டுக்காது."

மாவக்கா கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "என்னைப் போகச் சொன்னா போறேன் சார். இந்த வயசுல வேற அடுப்பு பாத்துக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல." அது பெரிய விஷயம்தான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

மூன்றே முக்காலுக்கு அண்ணன் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஐந்து பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மைத்துனர் இந்த முறை வாசலோரமாக நின்றார், உத்தரவு அப்படி.

தராசு அமைதியாக ஆரம்பித்தார். "நான் எடை போட்டே பழகினவன். ஒரு தட்டை மட்டும் பாத்து எடை சொல்ல முடியாது. கெட்டுப்போன நாளை மட்டும் எல்லாரும் எண்ணினீங்க. கெடாத நாளை யாரும் எண்ணல. மூணு வாரத்துல மூணு புதன் கெட்டுச்சு, மத்த நாளெல்லாம் நல்லா இருந்துச்சு. அந்த நாளெல்லாம் இங்க யார் இருந்தாங்க?"

"மாவக்கா" என்றார் மைத்துனர், குரல் இறங்கி.

"அவங்க இருந்தா கெடல. இல்லாதப்ப கெடுது. கெடுக்கற ஆளுக்கு இது நேர்மாறா இருக்கணும். செவ்வாய்க்கிழமையே அடுப்பைத் திருகி வெச்சிருந்தா புதன் காலையில முதல் தட்டே கரிஞ்சிருக்கும். கரிஞ்சது ஒரு தட்டுதான். அப்ப டப்பா இடம் மாத்தினது, கலவை கொட்டினது எல்லாம் என்ன? தப்பு நடந்துடாம பாத்துக்கிட்டது. சிக்கு வெண்ணெய் கலந்த ஓட்ஸைக் கொட்டிட்டு வேற செஞ்சாங்க. இடம் மாறின டப்பாவ அதோட இடத்துல வெச்சாங்க."

"அப்ப தப்பு பண்ணினது யாரு?" அண்ணன் மேசையில் கையை ஊன்றினார். "மாவக்கா, நீங்களாவது சொல்லுங்க!"

மாவக்கா தரையைப் பார்த்தார்.

"அவங்க சொல்ல மாட்டாங்க. அதைச் சொல்ற உரிமை அவங்களுக்கு இல்ல, எனக்கும் இல்ல" என்றார் தராசு. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ வழக்குகளில் அவர் பேசியதைவிட அன்று பேசாமல் இருந்ததுதான் பெரிய காரியம் என்று மைத்துனர் இன்றைக்கும் சொல்லுவார்.

சுவர்க்கடிகாரத்தில் நாலு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

"அண்ணா" என்றார் தங்கை. "எனக்கு வாசனை தெரியல."

அண்ணன் மேசையில் ஊன்றிய கையை எடுத்தார்.

"காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல. பட்டையும் சீரகமும் எனக்கு ஒண்ணுதான், ரெண்டும் பழுப்புப் பொடி. டப்பா நிக்கிற இடத்தை வெச்சுத்தான் எடுக்கறேன். செவ்வாய்க்கிழமை அலமாரி துடைச்சு நான்தான் மாத்தி வெச்சிருப்பேன். பன்னு தீயறது பக்கத்துல நின்னும் தெரியல. நேரமே பாக்காம சுட்டவ, இப்ப மணி வாங்கி வெச்சிருக்கேன். சொன்னா நீ கடைய மூடிடுவேன்னு பயம். நேத்துதான் சந்தேகமே வந்துச்சு, என் தப்புக்கு இவங்க மேல பழி போகுதோன்னு. அப்பவும் வாயடைச்சுப் போய் நின்னேன்." அவர் மாவக்கா பக்கம் திரும்பினார். "மத்த நாளெல்லாம் நான் நல்லாத்தான் சமாளிக்கறேன்னு நெனச்சேன். நீங்க பின்னாடியே வந்து சரி பண்ணினது எனக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மாவக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காய்ச்சல் விட்டு வந்த அன்னைக்கே. புது ஓட்ஸ் மூட்டை பிரிச்சா நீங்க முகத்தை உள்ள விட்டு மோந்துதான் எடுப்பீங்க. அன்னைக்கு சிமெண்டு மூட்டை பிரிக்கிற மாதிரி பிரிச்சீங்க. நீங்களா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்."

"அத்தான், உங்களுக்கு?" மைத்துனரால் அடக்க முடியவில்லை.

"உன் முழங்கால்தான் மாப்ளே. சார் உன்னைப் பாத்து ஜன்னலோரம் ஓடினார். மாவக்கா வாசல்லயே நின்னுட்டாங்க. இத்தனை வருஷம் வெண்ணெயோட பழகின இந்தத் தங்கச்சி மட்டும் திறந்த கிண்ணத்துக்குப் பக்கத்துல உன்னை உக்கார வெச்சு சமையல் சொல்லிக் கொடுத்தாங்க."

அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்தார். "அடி பைத்தியமே. கடைய மூடறதாவது. நாளைக்குக் காலையில மூக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"உறுதி சொல்ல முடியாது. ஆனா நிறையப் பேருக்கு நாளாக நாளாகத் திரும்பி வருதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் தராசு.

அண்ணன் மாவக்காவின் முன்னால் வந்து நின்றார். கையைக் கூப்பினார். "விடுங்க சார், கையில மாவு" என்று மாவக்கா விலகிக்கொண்டார்.

"நல்லா மணக்கிற கேக் எல்லாம் எனக்குப் பஞ்சு மெல்லற மாதிரி ஆயிடுச்சு" என்றார் தங்கை. "இந்த ஓட்ஸ் மட்டும் கடிச்சா காதுக்குள்ள கேக்குது. அதான் இதைச் செய்ய ஆரம்பிச்சேன். இது ஒண்ணுதான் சாப்பிடற மாதிரி இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சூடு ஆறாத தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் எடுத்து, கரண்டியோடு மாவக்காவிடம் நீட்டினார். "எனக்குச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் மாவக்காவிடம் கேட்டதில்லை. அவர் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"முதல்ல வெண்ணெய் வருது, லேசா முறுகின வெண்ணெய். அப்புறம் ஆப்பிள், கொஞ்சம் புளிப்பா. அடியில சர்க்கரை கருகறதுக்கு ஒரு நிமிஷம் முந்தின வாசனை." ஒரு வாய் சாப்பிட்டார். தயங்கினார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பட்டை கொஞ்சம் தூக்கல்."

"இன்னைக்கா?"

"நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து, நீங்க பட்டை போடற எல்லாத்துலயும்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அலமாரிக்குப் போய் மூன்றாவது டப்பாவை எடுத்து மாவக்காவின் கையில் வைத்தார். "அடுத்த தட்டுக்கு நீங்களே போடுங்க."