ஒரு வார்த்தை சொல்லலாமா

சாம்பல் அங்கியைத் தலைவழியாக மாட்டியதும் பேச்சியம்மாள் என்று ஒருத்தி அந்தக் கட்டிடத்தில் இல்லாமல் போனாள். கழுத்துப் பட்டையில் இருந்த சமன்குரலி கொஞ்சம் கரகரத்துவிட்டு அடங்கியது. "சரியா இருக்கா?" என்று பேசிப் பார்த்தாள். வெளியே வந்தது ஆண்குரலும் இல்லை, பெண்குரலும் இல்லை. ரேஷன் கடையில் விரல்ரேகை ஒத்துப்போகவில்லை என்று சொல்லுமே ஒரு இயந்திரம், அதன் குரல்.

காத்திருப்புக் கூடத்தில் அவளைப் போலவே சாம்பல் மூட்டைகளாக இன்னும் பலர். தோள் அகலம், இடுப்பு, நடை எல்லாவற்றையும் அங்கிக்குள் இருந்த காற்றுப்பைகள் ஒன்றாக்கிவிட்டன. கழிப்பறைக்கும் ஒரே கதவுதான். யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்து ஆணா பெண்ணா எனக் கண்டுபிடிக்கிறார்கள் என்று யாரோ வழக்குப் போட்டு மாற்றியது. பக்கத்து மூட்டை காகிதக் குவளையை முகமூடிக்குள் நுழைக்கப் பார்த்து, பாதி டீயை மடியில் ஊற்றிக்கொண்டது.

"நியாயம் வேணும்னா டீ குடிக்கக் கூடாது போல" என்றது.

பேச்சி சிரித்தாள். சமன்குரலி அதையும் தட்டையாக்கி, "ஹ. ஹ." என்று வெளியே விட்டது.

கீழைக்காற்று விமான நிறுவனத்தில் அவள் துணைவிமானி. வலது இருக்கையிலேயே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. சமன்தேர்வுச் சட்டம் வருவதற்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு மூன்று முறை கேப்டன் தேர்வுக்குப் போனாள். மூன்று முறையும் ஒரே காரணம்: குரலில் உறுதி போதாது. கூடப் பறந்தவர்கள் கேலி செய்வார்கள், "பேர் பேச்சி. வாயைத் திறந்தா அனுமதி கேக்குது" என்று. பயிற்சி மையத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் தொண்டையைக் கீழே இறக்கினாள். "கேக்காதீங்க மேடம், சொல்லுங்க" என்பதுதான் அங்கே மந்திரம். வீட்டில் பால்காரனிடம்கூட அப்படிப் பேசிப் பழகி, அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

அம்மா கட்டிட வேலைக்குப் போனவள். ஆம்பிளை ஒருத்தன் சித்தாளாகச் சேர்ந்தால் சில வருஷத்தில் கரண்டியைப் பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அம்மா சித்தாளாகச் சேர்ந்து, சித்தாளாகவே மூட்டு தேய்ந்து உட்கார்ந்தாள். மகள் விமானம் ஓட்டப் போகிறாள் என்றதும் அவள் கேட்டது ஒன்றுதான். "அங்க நீ கொத்தனாரா, சித்தாளா?"

அதற்குப் பதில் சொல்ல இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டம் வேலை செய்தது. அது வந்த பிறகு கேப்டன் ஆனவர்களில் பாதிப் பேர் பெண்கள். தேர்வுக் குழுவுக்கு ஒரு சாம்பல் உருவமும் ஒரு தட்டைக் குரலும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரை ஒதுக்குவது?

அழைப்பு வந்தது. விமானி அறை போலவே செய்த பாவனைக்கூண்டுக்குள், கேப்டனின் இடது இருக்கையில் உட்கார்ந்தாள். வலது இருக்கையில் ஏற்கெனவே ஒரு சாம்பல் மூட்டை இருந்தது. துணைவிமானி. "வணக்கம் கேப்டன்" என்றது. அதுவும் தேர்வுக்கு வந்த யாரோவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கூண்டு எழும்பியது. கண்ணாடிக்கு வெளியே மேகமும் மழையும் ஓடின. அவள் பார்த்தேயிராத ஊர், குட்டையான ஓடுதளம்.

இறங்குகையில் பின்னாலிருந்து காற்று தள்ளியது. வேகம் கொஞ்சம் கூடுதல். அவளுக்கும் தெரிந்ததுதான்.

"கேப்டன்" என்றது வலது பக்கம். ஒரு இழுவை. "ஒரு வார்த்தை சொல்லலாமா?"

பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்வதென்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. குரலைத் தட்டையாக்கினால் என்ன, அந்த இழுவை போகவில்லையே. பொம்பளைதான். பயந்த பொம்பளை. பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தேர்வுக் குழு உட்கார்ந்து உறுதியை அளந்துகொண்டிருக்கிறது, இவள் வந்து என் காலையும் சேர்த்து வாருகிறாள்.

"இல்ல... ஓடுதளம் ஈரமா இருக்கு. பின்காற்று வேற. எதுக்கும் ஒரு சுத்து சுத்தி வந்துடலாமோன்னு..."

பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். "ஒரு நிமிஷம்" என்றாள்.

வலது பக்கம் அடங்கியது. அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டு வழுக்கியது. பிரேக்கை முழுதும் அழுத்தினாள். ஓடுதளத்தின் கடைசிக் கோடுகள் மூக்கை நோக்கி வந்தன. கூண்டு குலுங்கி நின்றபோது முன்னால் புல்தரை தெரிந்தது. சக்கரம் அதில் ஏறவில்லை. அவ்வளவுதான்.

மதியத்துக்குள் முடிவு வந்தது. அங்கியைக் கழற்றிவிட்டுப் போனபோது குழுத் தலைவர் சடகோபன் அவளைக் கண்டு எழுந்தேவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன்.

"நீங்களாம்மா? நாங்க மூணு பேரும் ஆம்பிளைன்னே நினைச்சோம். 'ஒரு நிமிஷம்'னு கையைக் காட்டினீங்க பாருங்க, அதுலயே முடிவு பண்ணிட்டோம். முடிவுறுதிக்கு முழு மார்க்." நான்கு கோடு போட்ட தோள்பட்டைச் சின்னங்களை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து நீட்டினார். "பாராட்டாத்தாம்மா சொல்றேன்."

"தெரியும் சார்" என்றாள்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவளுக்கு லிஃப்ட் பக்கம் கால் போகவில்லை. வலது இருக்கையில் இருந்தவள் யாரோ, அவளும் தேறினாளா என்று தெரியவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். கேக்காதே, சொல்லு என்று அவளிடம் சொல்லலாம். பாவனைக்கூண்டை இயக்கும் அறைக்குப் போனாள். ஆசீர் என்ற இளைஞன் ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த தேர்வை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, எனக்குத் துணைவிமானியா இருந்தவங்க போயிட்டாங்களா?"

"யாரு மேடம்? அங்கிக்குள்ள காத்துதான்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "பழைய விமானப் பதிவுகள்ல இருந்து குரலை எடுத்து சமன்குரலி வழியா விடுறோம். ஊரையும் விமானத்தையும் மாத்திடுவோம்."

"எதுக்கு?"

"இடையூறுச் சோதனை. பக்கத்துல ஒருத்தர் இழுத்து இழுத்துப் பேசினா கேப்டன் தடுமாறுறாரான்னு பார்க்கிறது. பல குரல் போட்டுப் பார்த்தோம், இந்தக் குரல் மாதிரி எதுவும் எரிச்சலைக் கிளப்பல. ஆம்பிளை, பொம்பளை வித்தியாசமே கிடையாது மேடம், முக்காவாசிப் பேர் ஒண்ணுபோல அடக்கிடறாங்க. அடக்காதவங்க தேறுறதில்ல."

"சமன்குரலி இல்லாம அந்தக் குரலைக் கேக்க முடியுமா?"

"தேறினவங்க கேக்கலாம்." ஒரு பொத்தானைத் தட்டினான்.

மழைச்சத்தம் வந்தது. எச்சரிக்கை மணி ஒன்று. அப்புறம் சளி பிடித்த ஒரு தென்மாவட்டத்துக் குரல். "கேப்டன்... ஒரு வார்த்தை சொல்லலாமா?" ஓடுதளம் ஈரம். பின்காற்று. ஒரு சுத்து சுத்தி வந்துடலாமோன்னு. அதற்கு மேல் ஒரு ஆண்குரல், சலிப்பாக: "ஒரு நிமிஷம்."

அந்த மழை பேச்சிக்குத் தெரியும். அந்தச் சளியும் தெரியும். விமானம் அன்று புல்லுக்கு முன்னால் நின்றது. கேப்டன் இறங்கிப் போய் சிகரெட் பற்றவைத்தார். வலது இருக்கையில் இருந்தவள் அவள்தான். கீழே இறக்கி, கழற்றிப் போட்டுவிட்டதாக அவள் நினைத்திருந்த தொண்டை அது. இவர்கள் அதை எடுத்து, இடையூறு என்று பெயர் வைத்து, வருகிற ஒவ்வொருத்தர் பக்கத்திலும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"இதை எடுத்துட முடியுமா?" என்றாள்.

"எடுக்கலாம். யாராவது எழுத்துல ஆட்சேபம் கொடுத்தா போதும்." அவன் தோளைக் குலுக்கினான். "ஆனா இந்தக் குரலை வச்சுத் தேறின எல்லாருக்கும் முடிவு ரத்தாகும். மறுபடி தேர்வு எழுதணும். நீங்களும்தான். வயசு இருந்தா எழுதலாம்."

பையின் அடியில் பெட்டி இருந்தது. அம்மா இந்நேரம் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பேச்சி தொண்டையைச் செருமினாள். "தம்பி, ஒரு வார்த்தை சொல்லலாமா?"

ஆசீர் திரும்பவில்லை. உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். "ஒரு நிமிஷம்."

கூண்டுக்குள் அடுத்த ஆள் விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் தட்டைக் குரலில் அவளே கேட்டாள், கேப்டன், ஒரு வார்த்தை சொல்லலாமா என்று. இன்னொரு தட்டைக் குரல் உடனே வந்தது. "கொஞ்சம் பேசாம இருங்க."

வலது பக்கம் அடங்கியது.

"இவரும் தேறிடுவாரு" என்று ஆசீர் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான். "சொல்லுங்க கேப்டன், என்னமோ சொல்ல வந்தீங்களே?"

யாரைக் கூப்பிடுகிறான் என்று பேச்சி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.