உறுத்தல்மானி

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் டீசல் நாசில்களைப் பழுதுபார்ப்பவர்கள் வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதில்லை. கழுத்தை நீட்டுவார்கள். சுவரிலுள்ள உறுத்தல்மானி பிடரியில் பதித்த மின்சில்லைத் தொட்டு, உள்ளே எவ்வளவு குற்றவுணர்வு இருக்கிறதென்று எண்ணில் காட்டும். இருபதுக்குக் கீழே இருந்தால்தான் சான்றிதழ். நாசிலை மறுபடி சோதிப்பதைவிடச் சோதித்த ஆளைச் சோதிப்பது மலிவு என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது.

தெய்வசகாயத்துக்கு அன்று அறுபத்தெட்டு காட்டியது.

காரணம் அவனுக்குத் தெரியும். புழுதிப்புயலில் சூரியத் தகடுகள் மூடிக்கொண்டால், நாலாயிரம் பேரின் காற்றைச் சுத்தம்செய்யும் விசிறிகளை ஓட்டப்போவது பாசி டீசலில் இயங்கும் ஒரே எஞ்சின். அதன் ஆறு நாசில்களில் ஐந்தை ஒழுங்காகத்தான் பார்த்தான். டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினான். இருநூற்றுப் பத்து பார் அழுத்தத்தில் டீசல் புகைபோலப் பீறிட்டது, நுனியில் சொட்டு தேங்கவில்லை. ஆறாவதுக்கு வரும்போது நல்ல பசி. இது மட்டும் என்ன செய்துவிடப்போகிறது என்று, பார்க்காமலே 210 என்று எழுதிவிட்டான்.

பக்கத்து மேசை உலகாம்பிகை சிரித்தாள். அவளுக்கு மானி இப்போதெல்லாம் பூஜ்ஜியம்தான். சிறந்த தொழிலாளி என்று நாலு வருடமாக அவள் படம் சுவரில் தொங்குகிறது.

"இதுக்கா அண்ணே மூஞ்சி இப்படிப் போச்சு? எனக்கும் மொதல்ல ஏறுச்சு. ஒண்ண மட்டும் பாத்துட்டு ஆறுக்கும் அதையே எழுதுவேன். இப்ப அந்த ஒண்ணையும் பாக்குறதில்ல. பழகிரும்."

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பிவந்து ஆறாவதை டெஸ்டரில் மாட்டினான். நூற்று அறுபதிலேயே திறந்துகொண்டு நுனியில் சொட்டியது. வெட்கமாக இருந்தது. கழற்றிக் கழுவி, ஊசியைத் தேய்த்துப் பொருத்தி, சொட்டாமல் இருநூற்றுப் பத்துக்குக் கொண்டுவந்த பிறகு, மேலாளர் ஜெயசீலியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"இப்ப ஆறும் சரியா இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"மானி இன்னும் அம்பத்தஞ்சு காட்டுதே. இதை மேல எப்படி அனுப்புறது? உலகாம்பிகை, கொஞ்சம் வாம்மா."

அவள் நாசில்களைத் தொடக்கூட இல்லை. கழுத்தை நீட்டினாள். சான்றிதழ் வந்தது.

"மேடம், அவங்க எதையுமே பாக்குறதில்ல!"

"பொறாமையா? அதுக்கும் மானி ஏறும் சகாயம்."

மறுநாளே அவனைச் சமையல் கிடங்குக்கு மாற்றினார்கள். எஞ்சின் உலகாம்பிகையின் பொறுப்புக்குப் போனது. உறுத்தல் அதிகமுள்ளவர்களுக்கு வாராவாரம் பரிசோதனை உண்டு. முதல் வாரம் எழுபத்திரண்டு. இரண்டு முறை புகார் எழுதினான், பதில் இல்லை. மூன்றாவதை எழுதிவிட்டு அனுப்பவில்லை. சம்பளம் வந்தது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது, உறுத்தல் நாற்பதுக்கு இறங்கியது.

நாலாம் மாதம் எஞ்சினின் ஒத்திகை ஓட்டம் நடந்தது. ஒரு சிலிண்டர் டக்டக்கென்று தட்டும் சத்தம் கிடங்குவரை கேட்டது. நாசில் சொட்டுகிறது என்று அவனுக்குக் கேட்டமாத்திரத்தில் தெரிந்தது. புயல் பருவத்துக்கு இன்னும் ஒன்பது நாள். தெய்வசகாயம் காதைத் தேய்த்துக்கொண்டு வெங்காய மூட்டைகளை எண்ணப் போனான்.

அன்று மாலை மானி மூன்று காட்டியது.

ஜெயசீலி கைகுலுக்கினாள். "முழுசா குணமாயிட்டீங்க சகாயம்! நாளையிலேர்ந்து எஞ்சின் வேலைக்கே வந்துருங்க."

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.