போறேன் என்று சொன்னவன்

சத்தத்தில் தப்பில்லை. அது வந்த திசையில்தான் தப்பு.

அந்தத் தீவுக்கு விமானம் என்று ஒன்று வந்தால் வடக்கே ககோஷிமா நகரத்திலிருந்துதான் வரும். தெற்கே வெறும் கடல். பிப்ரவரி மாதத்து மாலை ஐந்தரை மணிக்கு, கடலிலிருந்து எழுந்த மூடுபனி கரும்புக்காட்டைத் தின்று, வேலியைத் தின்று, ஓடுபாதையின் பாதிவரை வந்து படுத்திருந்தது. அந்தப் பனிக்கு அப்பால், தெற்கே, குடத்துக்குள் மாட்டிக்கொண்ட வண்டுபோல ஏதோ உறுமிக்கொண்டிருந்தது.

பயணச்சீட்டு மேசையில் நின்ற மினோரி கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசி விமானம் ஐந்து ஐம்பதுக்குத்தான். அதில் அவள் மகள் கொஹாரு வருகிறாள். ஒன்பது வயது. பிரிந்துபோன அப்பாவைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பள்ளித் தொப்பியும் தானுமாகத் தனியே வருகிறாள்.

"சகாயே அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?"

பெட்டி இறக்குவது, தீயணைப்பது, கழிப்பறைக் குழாயைச் சரிசெய்வது எல்லாமே அங்கே சகாயேதான். அவர் காதோரம் கையைக் குவித்தார்.

"என் வயித்துச் சத்தமா இருக்கும். நீ கட்டிக்கொண்டாந்த சோத்துருண்டையைத் தின்னா வேற எப்படிக் கத்தும்?"

சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் கேட்டுவிட்டது.

"ஒத்தை எஞ்சின்," என்றார் மெல்ல. "இந்தக் காலத்துதும் இல்ல. மினோரி, நீ யார்கிட்டயாவது ஏதாவது சொல்லித் தொலைச்சியா?"

அந்த ஓடுபாதை பயணிகளுக்காகப் போட்டதல்ல. யுத்தத்தின்போது கடற்படை போட்டது. ஊர்ச்சனங்கள் பவளக்கல்லைச் சுத்தியலால் உடைத்து, கூடை கூடையாய்ச் சுமந்து கொட்டினார்கள். பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள், எதிரிக் கப்பல்மேல் விமானத்தோடு போய் மோத, அங்கிருந்துதான் தெற்கே கிளம்பினார்கள், திரும்பி வருவதற்கான எண்ணெய் இல்லாமல். வீட்டை விட்டு இறங்குகிற எவரும் "போயிட்டு வரேன்" என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் மட்டும் "போறேன்" என்றார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை, பாவம். வழியனுப்ப வந்த பெண்களும் "போயிட்டு வா" என்று பதில் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் அசைத்தார்கள்.

இன்றைக்கும் அங்கே விமானம் கிளம்பும்போது ஊழியர்கள் வரிசையாக நின்று கையசைப்பார்கள். பேசமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே சகாயே சொல்லியிருந்தார். மினோரி வெளியூர்க்காரி, தலையை ஆட்டிவைத்தாள்.

அன்று மத்தியானம் விமானம் கிளம்பும் நேரம், வேலியோரப் புல்லில் ஒரு பையன் நின்றிருந்தான். ஒட்ட வெட்டிய தலை. கையில் ஒரு சிவப்புப் பூ.

"போறேங்க," என்று குனிந்து வணங்கினான்.

அந்தக் குரல் உடைந்தும் உடையாமலும் இருந்தது. எந்தத் தாய்க்கும் வாய் சும்மா இருக்குமா? "போறேன்னு சொல்லக்கூடாது தம்பி. போயிட்டு வாங்க."

அவன் நிமிர்ந்தான். முகம் விளக்கேற்றியதுபோல மலர்ந்தது. "எங்க எல்லாரையுமாங்க?"

கூடப் படிக்கிறவர்களைச் சொல்கிறான் என்று நினைத்தாள். "எல்லாரும்தான். பத்திரமா வாங்க."

மினோரி இதைச் சொல்லி முடித்ததும் சகாயேயின் முகம் சாம்பலாயிற்று.

"வரச்சொல்லிட்டியே," என்றார். "வர்றதுக்கு அவங்ககிட்ட எண்ணெய் இல்லியேம்மா. எதுல வருவாங்க?"

ஐந்து நாற்பத்தெட்டு. மேசைமேலிருந்த ரேடியோ கரகரத்தது. விமானியின் குரல், தினமும் கேட்கிற குரல்தான், இன்றைக்கு நடுங்கியது.

"பாதை தெரியுது. ஆனா... எங்க ரெண்டு பக்கமும் யாரு? சின்னச் சின்ன விமானம். ஒட்டிக்கிட்டே வருது. உள்ள இருக்கிற பசங்க நம்ம ஜன்னலையே பாத்து..."

அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல்.

மினோரி கையடக்க ரேடியோவைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னால் சகாயே ஏதோ கத்தினார். பனி முகத்தில் ஈரத்துணிபோல அறைந்தது. உப்பு வாடை. எரிந்த எண்ணெய் வாடை. அதற்கும் அடியில், நசுங்கிய பூவின் வாடை. தலைக்குமேல் வண்டுகள் பெருகின. ஒன்று. நாலு. எண்ண முடியவில்லை.

"வராதீங்க!" என்று அலறினாள். "தம்பி, வரவேணாம்! போயிடுங்க!"

சத்தம் முழுதும் ஒரே சமயத்தில் திரும்பியது. தெற்கே. தெற்கேதான் போனது, தேய்ந்துகொண்டே.

அப்புறம் அமைதி. மூச்சு விட்டாள். போய்விட்டார்கள்.

பனியைக் கிழித்துக்கொண்டு பயணிகள் விமானம் வந்து இறங்கியது. வெள்ளை உடம்பு, இரட்டை விசிறி, தினமும் வருகிற அதே விமானம். சக்கரம் தரையில் பட்ட சத்தம்தான் கேட்கவில்லை.

கதவு திறந்தது. படிக்கட்டில் தண்ணீர் வழிந்தது.

முதல் கால். கனத்த பழைய பூட்ஸ். அடுத்து இன்னொன்று. இறங்கினார்கள், ஒவ்வொருவராக. ஒட்ட வெட்டிய தலைகள். கடல் சொட்டும் உடுப்புகள். அவள்முன் வரிசையாக நின்று, குனிந்தார்கள்.

"கொஹாரு?" என்றாள். யாரும் நகரவில்லை. "கொஹாரு!"

கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. பழைய எஞ்சின் ஒன்றின் உறுமல். எண்ணெய் தீரத் தீர அது விக்கியது. அதற்குள்ளிருந்து, மிகத் தொலைவில், ஒரு குழந்தைக் குரல்.

"அம்மா, நான் போறேன்."

போயிட்டு வா. போயிட்டு வா கண்ணு. வாய் திறந்தது. நாக்கு எழவில்லை. உறுமல் நின்றுபோயிற்று.

மத்தியானம் பார்த்த பையன் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தான். முகத்தில் அதே மலர்ச்சி. மூக்கிலிருந்து கடல் ஒழுகியது. கையில் பூ இல்லை. ஒரு மஞ்சள் தொப்பி. அது மட்டும் நனையவில்லை.

அதை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டி, பதிலுக்காகத் தலைகுனிந்து நின்றான்.

"வந்துட்டோங்க."